இரை டப்பா

கழிவுநீர் நிலையத்தின் கடைசித் தொட்டியில் மீன் வளர்த்தார்கள். சுத்திகரித்த தண்ணீர் அதன் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். இரை போட்டுவந்த மாமா போன மாதம் மதகைக் கழுவும்போது ஆற்றில் தவறி விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அக்கா இன்னும் அவர் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறாள்.

இப்போது அந்த வேலை அவள் தம்பியின் தலையில். இரை போடும் ஆள் எங்கே நின்றாலும் மீன்கள் அங்கே ஓடிவந்துவிடும். இன்று அவை ஆற்றுப்பக்கச் சுவரோரம் குவிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அங்கே ஈ காக்கை இல்லை.

“ஏய், நான் இங்க இருக்கேன். அங்க எவன் உங்களுக்கு விருந்து வைக்கிறான்?” என்று சிரித்தான்.

கூட்டம் சுவரை ஒட்டியே நகர்ந்து வந்தது, ஆள் நடக்கிற வேகத்தில். அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். “மாமா… அக்கா தினமும் கேக்குறா. என்னன்னு சொல்லட்டும்?”

பக்கத்துச் சிமெண்டுத் தரை மெல்ல நனைந்தது. வேறொன்றும் தோன்றாமல் இரை டப்பாவை அந்தப் பக்கம் நீட்டினான். கை லேசானது. டப்பா கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மீன்கள் தின்னத் தொடங்கின.