இருநூற்றுப் பதினாறாவது கோரிக்கை

புனேயின் ஹடப்சர் பகுதியிலுள்ள அலுவலகத்தின் நான்காம் மாடியில் சாய்வெயில் நேராகத் திரையில் விழ, சுப்ரஜா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறாள். மருத்துவமனை மென்பொருளுக்கு வரும் கோரிக்கைகளில் அடுத்து எதைச் செய்வதென்று இந்த வாரத்திலிருந்து கணினியே வரிசை போடுகிறது. முதலிடத்தில் லோகோவின் நிறத்தை மாற்றுவது. மருந்தளவில் தசமப்புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை என்று ஒரு வார்டு நர்ஸ் எழுதியது இருநூற்றுப் பதினாறாவது இடத்தில்.

"இதை மட்டும் மேல ஏத்திடலாமா சார்?"

மேனேஜர் வாசுதேவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே சிரிக்கிறார். "கையால மாத்தினா அப்புறம் அது எதுக்கும்மா? நீ மூணு வருஷமா எடுத்த முடிவைப் பாத்துத்தானே கத்துக்கிச்சு!"

மூன்று வருடமும் திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரித்தவர்களுக்குத்தான் அவள் முதலில் செய்து கொடுத்திருக்கிறாள். நர்ஸ் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறாள். அந்த மெயிலைத் திறக்கிறாள். கடைசி வரி: 'அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.'