இன்னும் கொஞ்சம் ஏறட்டும்

அழைப்பு மணி அலறியபோது டிரைவர் உப்புத் தண்ணீரின் கடைசி மடக்கில் இருந்தார்.

முகம் எட்டுக் கோணலாயிற்று. அவசரமாக டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார். நாலைந்து நாளாக யாரிடமும் பேசாததில் குரல் துருப்பிடித்துக் கிடந்தது.

"யாரு?" என்றார், யார் என்று தெரிந்தே.

"நான்தான் டிரைவரய்யா. உங்க மாடி ஏறி வர்றதுக்குள்ள எனக்கே பிரஷர் எகிறிடும் போல."

வீடு வீடாக ரத்த அழுத்தம் அளந்து ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்புகிற பெண். மாதம் ஒருமுறை வருவாள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருகிற ஒரே ஆள்.

போன மாதம் கருவியைப் பார்த்துவிட்டு, "சின்னப் பையன் மாதிரி இருக்கீங்க. ஒரு குறையும் இல்ல" என்று அவள் சிரித்தாள்.

ஒரு குறையும் இல்லாதவன் வீட்டுக்கு யார் வருவார்கள்?

எதிர்வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் புண் வேறு. அங்கே நர்ஸ் என்ன, மகள் என்ன, மருமகன் என்ன, எந்நேரமும் கதவு திறந்தே கிடக்கிறது.

அன்றிலிருந்துதான் டிரைவர் உப்பை அள்ளிப் போட ஆரம்பித்தார். படுக்கையில் வேண்டுமென்றே கண் விழித்துக் கிடந்தார். முதன்முதலாகத் தலை கிறுகிறுத்த அன்று அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

இன்று உள்ளே வந்ததும் அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கை மடிப்பில் இரண்டு விரல் வைத்து நாடியைத் தேடினாள். இன்னொரு மனிதரின் விரல் அவர் மேல் படுவது அப்போது மட்டும்தான். நாடி சீக்கிரம் கிடைத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

மூன்று தடவை அளக்க வேண்டும். முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். மாதம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் டிரைவர் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

அவள் கையில் சுற்றிய பட்டை புஸ்ஸென்று உப்பி இறுக்கியது. மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரியை உசுப்புகிற மாதிரி மனதுக்குள் ஓட்டினார். ஏறு. இன்னும் கொஞ்சம் ஏறு.

முதல் தடவை அவள் புருவம் உயர்ந்தது.

இரண்டாவது தடவைக்கு முன்னால் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

மூன்றாவது முடிந்ததும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப ஏறிடுச்சாம்மா?" முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். உள்ளே ஒரே கொண்டாட்டம்.

"ரொம்ப."

"அப்ப இனிமே அடிக்கடி வந்து பாக்க வேண்டியிருக்கும்."

அவள் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். எழுந்து நின்ற பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிரஷர் வந்துட்டா அப்புறம் ஆஸ்பத்திரி பாத்துக்கும் டிரைவரய்யா, நாங்க வரமாட்டோம். யாருக்கு எப்ப வருதுன்னு கண்டுபிடிக்க, நல்லா இருக்கறவங்களத்தான் நாங்க வருஷக்கணக்கா வீடு தேடி வந்து பாப்போம். இந்தத் தெருவுல எங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆளு நீங்கதான்."