சின்னக் கட்டில்

ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் காசு கொடுக்காமல் தங்கும் விடுதி அது. அறைக்கொரு சின்னக் கட்டில் உண்டு. பிள்ளை தேறி வந்தால் படுக்கட்டும் என்று போட்டது. அதுவரை அதில் யாரும் உட்காரக்கூட மாட்டார்கள்.

எந்த அறையில் அதன் விரிப்பு கசங்கிக் கிடக்கிறதோ, அந்த அறைக்காரர்கள் அன்று சாயங்காலமே பிள்ளையில்லாமல் ஊர் திரும்புவார்கள். கூட்டித் துடைக்கிறவளுக்கு இது தெரியும். யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒரு நாள் காலை மாடி அறைக்காரி தலை சீவிக்கொண்டே, கூட்ட வந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து கண்ணத் தொறந்து என்னை மொறைச்சான்க்கா. அப்படியே அவங்கப்பன் மொறைப்பு!"

"மொறைக்கட்டும், மொறைக்கட்டும். நீ சீக்கிரம் போ அவன்கிட்ட."

அவள் போனதும் கூட்டுகிறவள் சின்னக் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பின் ஓரம் கசங்கத் தொடங்கியிருந்தது. விளக்குமாற்றைப் போட்டாள். கதவைச் சாத்திவிட்டு, முழங்காலை மடக்கிக் கட்டில் முழுக்க அடைத்துப் படுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் முதுகில் இரண்டு சின்னப் பாதங்கள் சில்லென்று பட்டன.

"தள்ளிப் படுங்க," என்றது ஒரு தூக்கக் குரல்.

"இங்க இடமில்ல சாமி," என்றாள் திரும்பாமல். "உங்கம்மா ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டிருக்கா. ஓடு."

கீழே மேனேஜர் அவளைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாதங்கள் உந்திக்கொண்டே இருந்தன.