ஹீட் மீட்டர்

முள் ஏறிக்கொண்டே இருந்தது.

கவர்க்கல் ஏற்றம். பட்டப்பகலில் பனிமூட்டம். இப்போதுதான் ஹெட்லைட்டைப் போட்டிருந்தான்.

பின்சீட்டில் அவன் மனைவி ரெஜினா நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தாள். தாமதிக்காமல் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோ என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. இவனிடம் இருந்தது இந்தக் கிழட்டு அம்பாசிடர்தான்.

போன வருஷம் இதே மலையில் இன்ஜின் கொதித்து நின்றுபோனது. அதற்கப்புறம்தான் உக்கடத்துப் பழைய வண்டிச் சாமான் கடைக்குப் போய் மீட்டர்கள் வாங்கி வந்தான். ஹீட்டுக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று. டாஷ்போர்டில் தானே ஓட்டை போட்டான், தானே ஒயர் இழுத்தான். வண்டிக்கு ஈசிஜி பார்க்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ரெஜினா கேலி செய்தாள்.

முள் சிவப்பைத் தொட்டது.

சூடு கண்ட பூனை. நிறுத்திவிட்டான். இன்ஜின் போனால் அவளும் போய்விடுவாள்.

இன்ஜினை அணைத்தான். வளைவில் வருகிற லாரிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று லைட்டை மட்டும் விட்டுவைத்தான். செல்போனில் சிக்னல் இல்லை. கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆற வேண்டும். காத்திருப்பதைத் தவிர அவனால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

அவள் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டான். சில்லென்று வேர்த்திருந்தது.

"முள்ளு எறங்கிருச்சாங்க?"

சாவியைத் திருப்பிப் பார்த்தான்.

சிவப்பு.

இன்னும் காத்திருந்தான். திருப்பினான். சிவப்பு. அவள் மறுபடி கேட்டாள். இதோ, இதோ என்றான்.

பேட்டரியும் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று லைட்டை அணைத்தான்.

முள் சட்டென்று பச்சையில் விழுந்தது.

எந்த இன்ஜினும் இப்படி ஆறாது.

லைட்டைப் போட்டான். சிவப்பு. அணைத்தான். பச்சை.

மீட்டரின் எர்த் ஒயரைத் தனியாக இழுக்கச் சோம்பேறித்தனம். ஹெட்லைட்டின் எர்த்தோடு சேர்த்து ஒரே போல்ட்டில் முறுக்கிவிட்டிருந்தான். இந்த மழைக்காலத்தில் அது துருப்பிடித்துவிட்டது. லைட் எரிந்தால் முள் பொய் சொல்லும். இன்ஜின் கொதிக்கவே இல்லை. இவ்வளவு நேரமும் ஓட்டியிருக்கலாம்.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். லைட்டைப் போட்டான். முள் சிவப்புக்கு ஏறியது. ஏறித் தொலையட்டும்.

"முள்ளு எறங்கிருச்சு, ரெஜினா."

அவள் கடைசியாகக் கேட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

திரும்பிப் பார்க்காமல் இன்னொரு தடவை சொன்னான்.