கோயில் வளைவு

“வாசல்ல வளைவு இல்லாம கும்பாபிஷேகமா? வர்றவன் சிரிப்பான்லா,” என்றார் நல்லசாமி.

கோல சிலாங்கூர் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி சரணைத் திரும்பிப் பார்த்தது.

சரண், கோயிலில் நல்லசாமி வீட்டுக்கு அடுத்த மரியாதை பெறும் தேவனின் மகன். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் புரொஜெக்ட் மேனேஜர். திருப்பணியை அவனிடம் ஒப்படைத்ததிலிருந்து நல்லசாமிக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்கு முதல் கல் வைத்தது அவர் தாத்தா. அன்று முதல், கும்பாபிஷேகத்தில் முதல் கலசம் அவர் வீட்டுத் தலையில்தான். இப்போதோ ஊரே சரண், சரண் என்கிறது. கலசமும் தேவன் வீட்டுக்குப் போய்விடுமோ?

“மாமா, வேலை, நாள், செலவு மூணும் ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கு. ஒண்ணை இழுத்தா மத்ததும் வரும். வளைவு கட்டினா தேதி தள்ளிப்போகும்.”

“போகட்டுமே. உன் பேக்டரியில பெட்டி ஏத்துற வேலையா இது? சாமி காரியம்.”

“வளைவை அடுத்த வருஷம் கட்டலாம். தேதியை மட்டும் தொடாதீங்க, மாமா.”

அந்தக் கெஞ்சல் நல்லசாமிக்கு இனித்தது. சொன்ன நாளில் முடிக்காதவன் என்ற பெயர் தேவன் மகனுக்கு வரட்டும். வளைவுச் செலவு முழுவதும் தன்னுடையது என்றார்.

கமிட்டி கை தூக்கியது. குருக்கள் ஒரு மாதம் தள்ளி முகூர்த்தம் சொன்னார். அடுத்த நிமிடமே புதுத் தேதி ஊர் வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது.

வெளியே சரண் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

“என்ன மேனேஜர், மூஞ்சி தொங்குது?”

“தேதி வைக்கிறதுக்கு முன்னாடி யாருக்கு எந்த நாள் ஆகாதுன்னு வீடு வீடா கேட்டேன், மாமா. உங்க வீட்ல துளசி அக்காகிட்ட கேட்டேன்.”

“என் மருமக என்ன சொன்னா?”

“புதுத் தேதி இருக்கே, அந்த வாரந்தான் அவங்களுக்குப் பிரசவம். டாக்டர் குறிச்ச நாளை வீட்ல இன்னும் சொல்லலையாம்; சபையில சொன்னா கண்ணு படும்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

நல்லசாமியின் கை துண்டைத் தேடியது. பிள்ளை பிறந்த தீட்டோடு எவன் கோயில் படி ஏறுவான்?

“முதல் கலசம் நீங்க தூக்கணும்னுதான் மாமா முந்தியே நாள் வெச்சேன்.”

“இப்போ... யாரு தூக்குறது?”

சரண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்க வீட்டுக்கு ஆகலைன்னா அடுத்த உரிமை எங்கப்பாவுக்குத்தானே.”