காய்ச்சல் வராத குடும்பம்

“எங்கள் மூலிகைப் பொடி இருக்கும் வீட்டைக் காய்ச்சல் எட்டிக்கூடப் பார்க்காது” என்று மாலை ஐந்து மணிக்கு ஏஜென்ட்டுகள் முன்னால் முழங்க வேண்டிய முதலாளி, மூன்று மணிக்கு இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் மனைவியும் அதே நிலைமையில் கிடந்தாள்.

“ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலையோ?”

“என் சமையலைக் குறை சொல்லாம உங்களுக்கு ஜுரம்கூட வராதே! ஏசி காத்தா இருக்கும்.”

“ஏசி ரிப்பேராகி ஒரு வாரமாச்சுடி.”

“அப்ப நம்ம பொடியா?”

“வாயைக் கழுவு! அதை நாம என்னைக்குத் தின்னோம்?”

போன் அடித்தது. பேசி முடித்தவரின் முகம் வெளிறிவிட்டது.

“ஏஜென்ட் பன்னிரண்டு பேருக்கும் காய்ச்சலாம். கூட்டத்துக்கு வரலையாம். ஏதோ புது வியாதி பரவுது. வியாபாரம் போச்சு!”

மனைவி சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

“வியாதியெல்லாம் இல்லைங்க. ஃப்ளூ தடுப்பூசி போட்டா ஒருநாள் காய்ச்சல் அடிக்கும்னு நேத்து நர்ஸ் சொன்னாங்க. வரிசையில எனக்கு முன்னாடி அந்தப் பன்னிரண்டு பேரும்தான் நின்னாங்க.”

“துரோகிங்க!” என்று துள்ளி எழுந்த முதலாளி, இடது தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார்.

“நல்லவேளை, எனக்குப் பின்வாசல் வழியாக் கூப்பிட்டுப் போட்டுவிட்டாங்க.”