பச்சைக் கோடு

தனஞ்செயனின் போனில் வழி சொல்லும் ஆப் இரண்டு இருந்தன. காரைக் கிளப்புமுன் இரண்டையும் திறந்து பார்ப்பான். எது குறைந்த நிமிஷம் சொல்கிறதோ, அதன் பேச்சைத்தான் கேட்பான்.

அன்று சாயங்காலம் பழைய ஆப், "முப்பது நிமிஷம்" என்றது.

"ஏரிக்கரை ரோடு வழியா பன்னிரண்டே நிமிஷம்" என்றது புதியது.

கார் ஏரிக்கரைக்குத் திரும்பியது. பழையது புதியதிடம் கேட்டது.

"ஊரே நெரிசல்ல சிவந்து கிடக்கு. அந்த ரோடு மட்டும் எப்படிடா பச்சையா இருக்கு?"

"காலையிலேர்ந்து நாற்பது வண்டி அனுப்பிட்டேன். ஒண்ணுகூட அங்கே நிக்கலையே."

"எல்லாம் போய்ச் சேர்ந்துச்சா?"

புதியது வெகுநேரம் தேடியது. "அதை நான் பார்க்கவே இல்லையே."

தனஞ்செயன் சீட்டியடித்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று சீட்டிச் சத்தம் நின்றது. பழைய ஆப் பதறிப்போய் வரைபடத்தில் தங்கள் காரின் நீலப்புள்ளியைத் தேடியது. அதைக் காணோம். ரோடு மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது.